தமிழ் உரைக்கு ஏற்ற கணித எழுத்துரு எது?

கேள்வி: கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் பத்தாம் வகுப்புத் தமிழ்வழி மாணவர்களுக்குக் கணிதப் பயிற்சி நூல் தயாரிக்கிறோம். அச்சுக்கோப்புக்கு லுவாலேடெக் (LuaLaTeX) மென்பொருள், 11 பாயின்ட், நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துரு. உரை கறுப்பாக இருக்கிறது. சமன்பாடுகள் மட்டும் வெளிறித் தெரிகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் கணித எழுத்துரு எதையும் குறிப்பிடாததால் கம்ப்யூட்டர் மாடர்ன் வந்திருக்கும். அது டெக்ஸை உருவாக்கிய டொனால்ட் குனூத் வடிவமைத்தது. மெல்லிய கோடுகள் மயிரிழை போல இருக்கும். உங்கள் தமிழ் எழுத்தின் கோடோ அவ்வளவு மெலிவதில்லை. ஜெராக்ஸ் எடுத்தால் அந்த மயிரிழைகள்தான் முதலில் அறுபடும்.

யூனிகோட்-மேத் (unicode-math) தொகுப்பைச் சேர்த்து ஸ்டிக்ஸ் டூ மேத் என்ற கணித எழுத்துருவைப் போடுங்கள். பிடிக்காவிட்டால் லிபர்டினஸ் மேத். கண்ணுக்குப் பிடித்த ஏதோ ஒரு எழுத்துருவைக் கணிதத்துக்குக் கொடுக்க முடியாது. எழுத்துருக் கோப்புக்குள் கணித அட்டவணை (கணிதக் குறிகளை அமைப்பதற்கான அளவுத் தகவல்) இல்லையென்றால் வர்க்கமூலக் குறியும் அடைப்புகளும் உயரத்துக்கேற்ப வளராது.

அளவுதான் பலரும் தவறும் இடம். தானியங்கிப் பொருத்தம் லத்தீன் எழுத்தின் உயரத்தை மட்டுமே பார்க்கும். 'ப' எவ்வளவு உயரம் என்று அதற்குத் தெரியாது. 'ப0xப' என்று ஒரு வரி அமைத்து, கணித எழுத்துருவின் ஸ்கேல் (அளவுப் பெருக்கம்) மதிப்பை 1.0, 1.05, 1.1 என மாற்றி, நூல் அச்சாகப்போகும் தாளிலேயே எடுத்துப் பாருங்கள். சுழியம் 'ப'வைவிடச் சற்றே உயர்ந்தும் x சற்றே தாழ்ந்தும் இருந்தால் சரி. திரையை நம்பாதீர்கள்.

அடுத்தது இலக்கங்கள். '5 செ.மீ.' என்பதில் ஒரு 5, சமன்பாட்டில் வேறொரு 5 வந்தால் மாணவர் கண் இடறும். ஸ்டிக்ஸ் டூ மேத்தின் இணையான உரை எழுத்துரு ஸ்டிக்ஸ் டூ டெக்ஸ்டை முதன்மை எழுத்துருவாக்கி, அதில் இல்லாத தமிழ் எழுத்துகளுக்கு மாற்றாக நோட்டோவைக் கொடுங்கள். நோட்டோவுக்கு ஹார்ஃப்பஸ் (எழுத்துகளைச் சரியான வரிசையில் கோக்கும் நிரல்) முறையும் தமிழ் எழுத்துமுறையும் குறிப்பிடாவிட்டால் 'கெ'யின் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய்விடும்.

'எனில்' போன்ற சொல்லைச் சமன்பாட்டுக்குள் நேராக அடித்தால் அந்த இடம் வெறுமையாகிவிடும். டெக்ஸ்ட் (\text) கட்டளைக்குள் இடுங்கள். 11 பாயின்டில் கீழொட்டு (எழுத்தின் அடியில் சிறிதாக இடும் குறி) 8 பாயின்ட், அதற்கும் கீழொட்டு 6. அந்த அளவில் 'முக்கோணம்' என்றெல்லாம் எழுதினால் புள்ளி அடைத்துக்கொள்ளும். ஓர் எழுத்தைக் குறியாக வைத்து, அது எதைக் குறிக்கிறது என்று உரையில் சொல்லிவிடுங்கள்.

மூலை மழுங்கிய தமிழ் எழுத்துருக்களைத் தவிர்ப்பது நல்லது: கணங்களின் சேர்ப்புக் குறி ∪ அருகே 'ப' வந்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும்.

வரி இடைவெளி 16 பாயின்ட் போதும். வரிக்குள் வரும் பின்னத்தைச் சாய்கோட்டில் எழுதுங்கள். மலையாளக் கலைச்சொல்லையும் ரச்சனா என்ற மலையாள எழுத்துருவில் சேர்ப்பதானால், அடுக்கிய கூட்டெழுத்துகள் கீழே இறங்கும். அந்தப் பக்கங்களை மட்டும் தனியாக எடுத்துச் சரிபாருங்கள்.