பையில் ‘நாட்டு’ என்று அச்சிட்டால் போதுமா? தக்காளி விதை: கேள்வி-பதில்

ஆடிப்பட்டம் நெருங்குகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தக்காளி விதை பற்றியவை. அவற்றில் அடிக்கடி வரும் சொல் ‘ஏர்லூம்’. தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து வைத்துக் காப்பாற்றிய, ஒட்டு (ஹைபிரிட்) அல்லாத பழைய ரகம் என்பது அதன் பொருள். கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

மொட்டை மாடியில் 12 பைகள் தயாராக இருக்கின்றன. பிராண்டிவைன், செரோக்கி பர்ப்பிள், பிளாக் கிரிம் ஆகிய மூன்று ஏர்லூம் ரகங்களையும் ஆடியில் போடலாமா?
– வாசகி, வேளச்சேரி

ஆடியில் வேண்டாம். நான் போட்டுப் பார்த்தவன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் செரோக்கி பர்ப்பிள் விதை பத்துக்கு 180 ரூபாய் கொடுத்தேன். எட்டு முளைத்தன. செடிகள் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வளர்ந்து கொத்துக் கொத்தாகப் பூத்தன. காலையில் தண்ணீர் ஊற்றப் போனால், பூக்காம்பின் நடுவே இருக்கும் சிறு முட்டி மஞ்சளாகியிருக்கும். விரல் பட்டவுடன் பூ அந்த இடத்தில் கழன்று கையில் வந்துவிடும். சத்துக் குறைவு என்று நினைத்து உரம் வாங்கினேன், பிறகு பூ உதிராமல் இருக்க ஒரு திரவம் வாங்கினேன். விதையின் விலையைப் போல் ஐந்து மடங்கு செலவானது. எட்டுச் செடிகளில் கிடைத்தவை இரண்டே பழங்கள், அவையும் காம்பைச் சுற்றி வெடித்திருந்தன.

காரணம் உரமல்ல, இரவு வெப்பம். தக்காளி நன்றாகக் காய் பிடிக்க இரவில் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நல்லது. அதற்கு மேலே போகப் போக மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். ஆடி மாதச் சென்னையில் இரவு வெப்பம் பெரும்பாலும் 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். பெரிய பழம் காய்க்கும் ரகங்கள்தாம் இதில் அதிகம் அடிபடும்.

செரோக்கி பர்ப்பிள் ரகத்தின் மேல் குற்றமில்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒருவர் காத்து வந்த விதை, 1990-இல் கிரேக் லெஹூலியர் என்ற தோட்டக்கலை ஆர்வலரின் கைக்கு வந்து அந்தப் பெயரைப் பெற்றது. சுவையில் அதற்கு ஈடு குறைவு. எனக்கு விற்றவர் ‘எல்லாப் பருவத்துக்கும், எல்லா ஊருக்கும் ஏற்றது’ என்று எழுதியிருந்தார். குற்றம் அந்த வரியில்தான் இருந்தது.

ஆடிக்கு உங்கள் பைகளில் சிறு பழ ரகங்களைப் போடுங்கள். செர்ரித் தக்காளி வகைகளும், பேரிக்காய் வடிவத்தில் காய்க்கும் பழைய ‘யெல்லோ பேர்’ ரகமும் வெயிலில் ஓரளவு தாக்குப் பிடிக்கும். சமையலுக்குப் பெரியகுளம்-1 ரகம் போதும். அந்த மூன்று பெரிய ரகங்களும் வேண்டுமென்றால், ஐப்பசியில் மழை படாத இடத்தில் குழித்தட்டில் நாற்று விட்டு, கார்த்திகையில் பைக்கு மாற்றுங்கள். மார்கழி, தை மாதக் குளிர்ச்சியில் காய் பிடிக்கும். முதல் ஆண்டு இரண்டு பைகளுக்கு மேல் வேண்டாம். இன்னொன்று: இளஞ்சிவப்புப் பிராண்டிவைனின் இலை உருளைக்கிழங்கு இலையைப் போல ஓரம் வெட்டில்லாமல் அகலமாக இருக்கும். நாற்றில் நான்கைந்து இலை வந்த பிறகும் வழக்கமான பல் பல்லான இலையாகவே இருந்தால், உங்களுக்கு வந்தது அது அல்ல. அப்போதே படம் எடுத்துப் புகார் செய்யுங்கள்.

நீல நிறத் தக்காளி விதை என்று படத்துடன் விளம்பரம் வருகிறது. 50 விதை 49 ரூபாய். வாங்கலாமா?
– வாசகர், திருச்சி

வாங்காதீர்கள். உள்ளும் புறமும் வானத்தின் நீலத்தில் தக்காளி கிடையாது. அந்தப் படத்தில் நிறம் மாற்றியிருக்கிறார்கள். வெயில் படும் தோல் கருநீலமாகும் ‘இண்டிகோ ரோஸ்’ என்ற ரகம் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2012-இல் வெளியிட்டது. அறுத்தால் உள்ளே சிவப்புதான்.

‘பாரம்பரிய நாட்டுத் தக்காளி’ என்று வாங்கினேன். முதல் முறை அருமையாகக் காய்த்தது. அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் ஒரு செடி உருண்டை, ஒரு செடி நீளம், ஒரு செடியில் காயே இல்லை. நான் விதை எடுத்த முறை தவறா?
– வாசகி, சேலம்

உங்கள் முறையில் தவறில்லை, அம்மா. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய பையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் ஓலைக்குடிசை, மாடு, கொட்டை எழுத்தில் ‘நாட்டு’. பின்பக்கம் கீழ் மூலையில், எள் அளவு எழுத்தில், ‘எஃப்1’.

இது எனக்கு நெடுநாள் ஆத்திரம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எஃப்1 என்றால் இரண்டு வெவ்வேறு பெற்றோர்ச் செடிகளை ஒட்டுச் சேர்த்துக் கிடைத்த முதல் தலைமுறை. அந்தத் தலைமுறை முழுவதும் ஒரே அச்சாக வளரும். அதன் விதையைப் போட்டால் தாத்தா, பாட்டி குணங்கள் எல்லாம் கலைந்து கலைந்து வெளிவரும். உங்கள் மாடியில் நடந்தது அதுதான். ஒட்டு ரகம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘அர்கா ரக்ஷக்’ ஓர் ஒட்டு ரகம். இலைச்சுருள், பாக்டீரிய வாடல், முன்கருகல் ஆகிய மூன்று நோய்களையும் தாங்கும் என்று சொல்லி, ஒட்டு என்பதையும் வெளிப்படையாகச் சொல்லித் தருகிறார்கள். ஆண்டுதோறும் விதை வாங்கத் தயார் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒரே பையில் ‘நாட்டு’ என்றும் ‘எஃப்1’ என்றும் அச்சிடுவது பொய். ஒன்று இருந்தால் மற்றது இருக்க முடியாது.

அடுத்த பொய், ‘ஆயிரம் ஆண்டுப் பாரம்பரியம்’. தக்காளியின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. மெக்சிகோவில் பயிராகி, 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போய், ஐரோப்பியர் கப்பல்களில்தான் நம் நாட்டுக்கு வந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் சமையலறையில் புளி இருந்தது, தக்காளி இல்லை. அப்படியானால் நாட்டுத் தக்காளி என்று ஒன்று இல்லையா? இருக்கிறது. ஓர் ஊர் மக்கள் பல காலம் விதை எடுத்து எடுத்து, அந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகிப்போன வகை அது. தேனிப் பக்கத்து அன்னஞ்சித் தக்காளி அப்படி ஒன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம்-1, அந்த அன்னஞ்சி வகையில் சடுதி மாற்றத்தை, அதாவது மரபணுவில் திடீர் மாற்றத்தை, தூண்டி உருவாக்கப்பட்டது. தட்டை உருண்டையாக, காம்பை ஒட்டிய தோளில் பச்சை படர்ந்து காய்க்கும். ஒட்டு அல்ல, விதை எடுத்து மறுபடி போடலாம். குடிசைப் படம் போட்ட பையைவிட நம் ஊர் வரலாறு அதில் அதிகம்.

ஆகவே அடுத்த முறை பையின் பின்பக்கத்தை முதலில் படியுங்கள். எஃப்1 அல்லது ஹைபிரிட் என்ற சொல் எங்காவது இருக்கிறதா, ரகத்தின் பெயர் என்ன, குவியல் எண் (லாட் நம்பர்), பரிசோதனை செய்த தேதி, முளைப்புத்திறன், நிகர எடை, விற்பவரின் முழு முகவரி. தக்காளியில் சான்று பெற்ற விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம். விதையின் மேல் இளஞ்சிவப்புப் பொடி பூசியிருந்தால் அது பூஞ்சைக்கொல்லி. அதையும் ‘இயற்கை விதை’ என்று விற்கிறார்கள். வெறும் ‘தக்காளி – நாட்டு’ என்று மட்டும் எழுதி, வேறு எந்த விவரமும் இல்லாத பையைத் தொடவே வேண்டாம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தள்ளுபடியில் 40 பாக்கெட் வாங்கினேன். இப்போது போட்டால் ஒன்றும் முளைக்கவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? அடுப்பு மேடை அலமாரியில் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன்.
– வாசகர், கோவை

கேட்க முடியாது. ஒரு வீட்டுக்கு 40 பாக்கெட் எதற்கு? தக்காளி விதை ஈரமும் சூடும் படாமல் இருந்தால் மூன்று நான்கு ஆண்டு தாங்கும். அடுப்பின் ஆவியிலும் அனலிலும் நீங்களே அதைக் கொன்றுவிட்டீர்கள். விற்றவர் மேல் பழி போடாதீர்கள். இந்த ஆண்டு மூன்று ரகம் மட்டும் வாங்கி, மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

10 விதை 120 ரூபாய் என்பது நியாயமான விலையா?
– வாசகர், புதுச்சேரி

ஒரு கிராமில் ஏறக்குறைய 300 தக்காளி விதைகள் இருக்கும். உங்கள் கணக்கில் கிராம் 3,600 ரூபாய் ஆகிறது. அரிய ரகத்தைத் தனிமைப்படுத்தி வளர்த்துத் தருபவருக்கு ஓரளவு கூடுதல் விலை தரலாம், அது அவர் உழைப்பு. ஆனால் எங்கே வளர்த்தீர்கள், எந்த ஆண்டு எடுத்த விதை என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அவர் வாங்கி விற்பவர்.

ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து, 30 வகை மரபுத் தக்காளித் தொகுப்பு என்று 2,400 ரூபாய்க்கு இணையத்தில் வாங்கினேன். எல்லாவற்றையும் விதைத்துவிட்டேன். முளைத்தவை ஏழு. ஏழும் ஒரே மாதிரி சிவப்புத் தக்காளி. விற்றவர் தொலைபேசியை எடுப்பதில்லை. மகன், ‘விதைக்குப் போய் யார் வழக்குப் போடுவார்கள்’ என்கிறான்.
– வாசகர், நாகர்கோவில்

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

முதலில் எழுத்தில் புகார் அனுப்புங்கள், தொலைபேசி போதாது. இணைய விற்பனை விதிகள் 2020-இன்படி, விற்பனைத் தளம் குறைதீர்ப்பு அலுவலரின் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும்.

எல்லா விதையையும் போட்டுவிட்டேனே, ஆதாரம் இல்லையே என்று தயங்க வேண்டாம். தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம், விவசாயியும் நுகர்வோரே என்றது. சோதனைக்கு வேண்டும் என்று விவசாயி விதையில் ஒரு பகுதியை எடுத்து வைத்திருப்பார் என எதிர்பார்க்க முடியாது என்றும் சொன்னது. காலிப் பைகளை எறியாதீர்கள். ரசீது, விளம்பரப் பக்கத்தின் படம், ஏழு செடிகளின் படம் எல்லாவற்றையும் தேதியோடு வையுங்கள். மாவட்டத்தில் விதை ஆய்வாளர் இருப்பார், அவரிடமும் ஒரு நகல் கொடுங்கள். விதை விற்க உரிமம் வேண்டும், உங்களுக்கு விற்றவரிடம் அது இருக்கிறதா என்று அவர் விசாரிக்கலாம். மகனிடம் சொல்லுங்கள்: 2,400 ரூபாய் போனது ஒன்று, ஒரு பருவமே போனது இன்னொன்று. இரண்டுக்கும் இழப்பீடு கேட்கலாம்.

அமெரிக்காவில் உள்ள தங்கை விதைகளை உறையில் போட்டு அனுப்புகிறேன் என்கிறாள். சரியா?
– வாசகி, மதுரை

வேண்டாம். பயிர்த் தொற்றுத் தடுப்பு ஆணை 2003-இன்படி இறக்குமதி அனுமதியும், நோயற்றது என்ற பயிர் நலச் சான்றும் இல்லாமல் விதை வரக்கூடாது. தக்காளியின் வைரஸ் நோய்கள் சில விதையோடு பயணம் செய்பவை.

கோத்தகிரியில் இருக்கிறேன். எனக்கும் இதே ‘வேண்டாம்’ தானா?
– வாசகர், கோத்தகிரி

இல்லை. உங்கள் இரவுகள் அந்தப் பெரிய ரகங்களுக்காகவே அமைந்தவை. பிளாக் கிரிம், செரோக்கி பர்ப்பிள் இரண்டும் போடுங்கள். உங்களுக்குப் பகை மழையும் பின்கருகல் நோயும்தான். மேலே நெகிழித்தாள் கூரை இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். ‘கிரீன் ஸீப்ரா’வை மரபு ரகம் என்று சொல்லி விற்பார்கள். அது டாம் வாக்னர் என்பவர் உருவாக்கி 1983-இல் வெளியிட்டது. ஆனாலும் ஒட்டு அல்ல, விதை எடுக்கலாம், சுவையும் உண்டு. ‘மரபு’ என்ற பெயருக்காகக் கூடுதல் விலை மட்டும் தராதீர்கள்.

சொந்த ஊரில் பாட்டி வீட்டுக் கொல்லையில், யாரும் விதைக்காமலேயே ஆண்டுதோறும் ஒரு புளிப்புத் தக்காளி முளைக்கிறது. இதையே போடலாமா, கடையில் வாங்க வேண்டுமா?
– வாசகி, உசிலம்பட்டி

வாங்கவே வேண்டாம். ஆறேழு செடி வளருங்கள். இலை சுருளாத, நோயில்லாத செடியில் இரண்டாவது, மூன்றாவது கொத்துப் பழத்தை நன்றாகக் கனியவிட்டுப் பறியுங்கள். சாற்றோடு பிழிந்து ஒரு குவளையில் இரண்டு நாள் மூடி வையுங்கள். மேலே வெள்ளை ஏடு படரும், விதையைச் சுற்றிய வழுவழுப்பு கரையும். தண்ணீர் விட்டு அலசினால் பதர் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் காய வையுங்கள், காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். உறையின் மேல் ஊரையும் ஆண்டையும் பாட்டியின் பெயரையும் எழுதுங்கள். முடிந்தால் இருபது விதை எனக்கும் அனுப்புங்கள், தபால் செலவு என்னுடையது.