தமிழ்நாட்டில் எந்த விமான நிலையத்தில் இறங்கினால் ரயிலோ பேருந்தோ பிடிப்பது எளிது?

சந்தேகமே இல்லாமல் சென்னைதான். 2016 முதல் மெட்ரோ விமான நிலையத்துக்கே வருகிறது. சென்ட்ரலுக்கு நேராகப் போகலாம். ஜிஎஸ்டி சாலையின் எதிர்ப்பக்கம் திரிசூலம் புறநகர் ரயில் நிலையம். அங்கிருந்து ஒரு பக்கம் எழும்பூர், இன்னொரு பக்கம் தாம்பரம். இரண்டிலும் தென்மாவட்ட ரயில்கள் கிடைக்கும். பேருந்து என்றால் கோயம்பேடு போய்விடாதீர்கள். தெற்கே போகும் அரசு விரைவுப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் இருந்து புறப்படுகின்றன.

கோவையில் வாசலில் ரயில் இல்லை. ஆனால் அவினாசி சாலை பக்கத்திலேயே இருப்பதால் டவுன் பஸ் தாராளம். திருச்சியில் விமான நிலையம் புதுக்கோட்டை சாலையில், ஊரை ஒட்டியே இருக்கிறது.

திருநெல்வேலிக்காரர்கள் மதுரையில் இறங்குவதைவிட வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்தில் இறங்குவது நல்லது. அப்புறம், நாகர்கோவிலுக்கு மாநில எல்லையைப் பார்க்காதீர்கள், திருவனந்தபுரமே பக்கம்.