பிரான்சில் ஒரே ஒரு மலை உச்சிக் கிராமம் பார்க்க நேரம் இருக்கிறது. எங்கே போகலாம்?

யோசிக்காமல் கோர்த்-சுர்-சியெல் போங்கள் என்பேன். தெற்கே, அல்பி நகரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். 'சியெல்' என்றால் வானம். அந்த வால் 1993-ல்தான் பெயரில் ஒட்டியது. இலையுதிர்காலக் காலையில் கீழே செரூ ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி நிறைந்துவிட, ஊர் மட்டும் மேலே மிதக்கும். அதைப் பார்த்தால் வால் பொருத்தம்தான் என்று தோன்றும்.

நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். துலூஸில் ரயில் ஏறி கோர்த்-வேந்த்ராக் நிலையத்தில் இறங்கினேன். பெயரிலேயே கோர்த் இருக்கிறதே என்ற நம்பிக்கை. ஊர் அங்கிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர். டாக்சி கிடையாது, ஈ காக்கை கிடையாது. உருட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டே நடந்தேன். மலையில் ஏறும் கல் பாவிய தெருவில் அதன் சக்கரம் ஒன்று கழன்று எங்கோ உருண்டு போனது.

1222-ல் துலூஸ் கோமகன் ஏழாம் ரேமோன் உண்டாக்கிய ஊர் இது. காத்தார் என்ற கிறிஸ்தவப் பிரிவை ஒழிக்கப் போப் ஏவிய சிலுவைப்போரில் அந்தப் பக்கமே பற்றி எரிந்த காலம். பயத்தில் மலையேறிய ஊர், அப்புறம் துணியிலும் தோலிலும் சம்பாதித்துக் கொழுத்துவிட்டது. அந்தப் பணத்தை வீட்டு முகப்புகளில் பார்க்கலாம். 'வேட்டைத் தலைவர் வீடு' என்று ஒன்று. அதன் முன் நின்று நன்றாக அண்ணாந்து பாருங்கள். காட்டுப்பன்றி, முயல், நாய், குதிரைக்காரன் என ஒரு வேட்டையே கல்லில் ஓடிக்கொண்டிருக்கும். கடைத்தெருவை மட்டும் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சந்தை மண்டபம். எண்கோணத் தூண்கள், மேலே மரக்கூரை, அதன் கீழே ஒரு கிணறு. ஆழம் 113 மீட்டர்! முப்பது மாடிக் கட்டடத்தைத் தலைகீழாக இறக்கலாம். முற்றுகை வந்தால் கோட்டைச் சுவர் தாங்கும், தாகம் தாங்குமா? காத்தார்களை விசாரிக்க வந்த மூன்று பாதிரியார்களை இதில் தள்ளிவிட்டார்கள் என்று ஒரு கதையும் உண்டு. அது கட்டுக்கதைதான். ஆனால் அந்த இடத்தில் நின்று கேட்டால் கொஞ்சம் நம்பத் தோன்றும்.

கோடையில் மதியம் போகாதீர்கள், திருவிழாக் கூட்டம். குளிர்காலத்தில் பாதிக் கடைகளுக்கு மேல் பூட்டியிருக்கும். என் ஓட்டு செப்டம்பர் கடைசிக்கு. ஒரு ராத்திரி தங்குங்கள். பகல் கூட்டம் இறங்கிப் போனபின் தெருவில் உங்கள் செருப்புச் சத்தம்தான் கேட்கும்.

கிளம்பும்போது 'க்ரோக்கான்' வாங்குங்கள். பாதாம், சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த மெல்லிய மொறுமொறு பிஸ்கட். வீட்டுக்கென்று இரண்டு பொட்டலம் வாங்கினேன். ஒன்று அல்பி வருவதற்குள்ளேயே காலி.