ஜோவா வெளுக்கிறதா? முதலில் நீலத் திருகைக் குறையுங்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில் 3 அடி கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன் (36 × 18 × 18 அங்குலம்). ஜோவா, மஷ்ரூம், ஒரு டோட்ஸ்டூல் லெதர் ஆகிய பவளங்கள் வளர்கின்றன. பழைய டியூப் விளக்கில் எல்லாம் பழுப்பாகவே தெரிந்ததால், இரண்டு மாதத்துக்கு முன் 165 வாட் எல்.இ.டி. வாங்கித் தண்ணீருக்கு 8 அங்குலம் மேலே தொங்கவிட்டேன். நீலத் திருகு 100, வெள்ளைத் திருகு 60, தினமும் 11 மணி நேரம். முதல் வாரம் நிறம் அருமையாக இருந்தது. இப்போது ஜோவா வெளிறி, பாதி மூடியே கிடக்கிறது. மஷ்ரூம் சுருங்கிவிட்டது. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் 0 காட்டுகின்றன. போர் தண்ணீரைச் சமையலறை ஆர்.ஓ.வில் வடிகட்டி ஊற்றுகிறேன். மார்ச் பிறந்ததும் தண்ணீர் 30 டிகிரிக்குப் போய்விடுகிறது. இதைவிட நல்ல விளக்கு வாங்க வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் விளக்கு ஜோவாவுக்கும் மஷ்ரூமுக்கும் தேவையானதைவிடப் பல மடங்கு கொடுக்கக்கூடியது. அதை முழு வேகத்தில் ஓட்டுவதுதான் சிக்கல். கூடவே தண்ணீரில் சத்து இல்லை, வெப்பமும் ஏறுகிறது. மூன்றும் சேர்ந்துதான் வெளுப்பு வந்திருக்கிறது.

நீல ஒளியில் பலரும் ஏமாறுவது கண்ணால்தான். நம் கண்ணுக்குப் பச்சை ஒளி, அதாவது 555 நானோமீட்டர், மிகப் பிரகாசமாகத் தெரியும். எல்.இ.டி.யின் ராயல் நீலம் 450 நானோமீட்டர். அந்த இடத்தில் கண்ணின் உணர்திறன், பச்சையில் இருப்பதில் சுமார் 4 சதவீதம்தான். அதனால் நீலத்தை 100-ல் வைத்தாலும் தொட்டி நமக்கு மங்கலாகவே தெரியும். பவளத்தின் திசுவுக்குள் வாழும் சூசாந்தெல்லே என்ற நுண்பாசிக்கோ அதே 450 சுற்றுவட்டம்தான் முக்கிய உணவு. நமக்கு அந்தி வெளிச்சமாகத் தெரிவது அதற்கு உச்சி வெயில். கைப்பேசியில் உள்ள லக்ஸ் செயலியை நம்பாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். லக்ஸ் என்பதே மனிதக் கண்ணை வைத்து வகுத்த அளவு. நீலம் மிகுந்த விளக்கில் அது குறைத்தே காட்டும்.

பவளத்துக்குப் பொருந்தும் அளவு பி.ஏ.ஆர். 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்களை நிறம் பார்க்காமல் எண்ணுவது அது. மஷ்ரூமுக்கு 50 முதல் 100 போதும். ஜோவாவுக்கும் லெதருக்கும் 80 முதல் 150. உங்கள் வகை விளக்கு 8 அங்குல உயரத்தில், முழு நீலத்தில், மேல் பாறை மீது இதைப்போல் பல மடங்கு கொட்டும். கோயம்புத்தூர்ப் பக்கம் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர் யாரிடமாவது பி.ஏ.ஆர். மீட்டர் இருந்தால் ஒரு நாள் இரவல் வாங்கி, மேல் பாறை, நடுப் பாறை, மணல் என மூன்று இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். திருகில் உள்ள எண் ஒளியின் அளவைச் சொல்லாது. ஒரு விளக்கின் 40 இன்னொன்றின் 70-ஆக இருக்கலாம்.

ஒளி மிஞ்சினால் நடப்பது இதுதான். பாசி தாங்கும் அளவைத் தாண்டியதும் ஒளிச்சேர்க்கையின் உபரி, தீங்கான ஆக்சிஜன் வடிவங்களாக மாறித் திசுவைத் தாக்கும். பவளம் தற்காப்புக்காகப் பாசியை வெளியே தள்ளும். பழுப்பு போனதும் அடியில் இருக்கும் பச்சையும் சிவப்பும் பளிச்சென்று தெரியும். முதல் வாரம் நீங்கள் ரசித்த நிறத்தில் ஒரு பங்கு, புது நீல ஒளியில் பவளத்தின் நிறப் புரதங்கள் ஒளிர்ந்ததால் வந்தது. இன்னொரு பங்கு வெளுப்பின் தொடக்கமாக இருந்திருக்கலாம். அந்த நிறப் புரதங்கள் சாதாரணமானவை அல்ல. உலகெங்கும் ஆய்வகங்களில் பயன்படும் ஒரு சிவப்பு ஒளிர்புரதம் 1999-இல் அறிவிக்கப்பட்டது, டிஸ்கோசோமா என்ற மஷ்ரூம் இனத்திலிருந்து கிடைத்தது. உங்கள் தொட்டியில் சுருங்கிக் கிடப்பது அதே குடும்பத்து உறவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

பழுப்பும் வெளுப்பும் எதிரெதிர் நோய்கள். ஒளி குறைந்தாலோ சத்து மிஞ்சினாலோ பாசி பெருகிப் பவளம் பழுப்பாகும். ஒளி மிஞ்சினாலோ சத்து வறண்டாலோ பாசி குறைந்து வெளிறும். பழுப்பைப் போக்க ஒளியை ஏற்றினீர்கள். அது சரியான திசைதான், ஒரேயடியாக ஏற்றியதுதான் தவறு.

இன்றே விளக்கைத் தண்ணீரிலிருந்து 14 அங்குலத்துக்கு உயர்த்துங்கள். நீலம் 30, வெள்ளை 5. இந்த வகைப் பல விளக்குகளில் வெள்ளைத் திருகோடு சிவப்பு, பச்சை பல்புகளும் எரியும். அதனால் வெள்ளையைத் தாழ்வாகவே வையுங்கள். முதல் வாரம் 6 மணி நேரம், அடுத்த வாரத்திலிருந்து 8. அதற்குமேல் வேண்டாம், 11 மணி நேரம் எந்தப் பவளத்துக்கும் தேவையில்லை. இரண்டு வாரம் திருகுகளைத் தொடாதீர்கள். பிறகு வாரத்துக்கு 5 மட்டும் நீலத்தைக் கூட்டுங்கள். 45 முதல் 50-க்குள் உங்கள் தொட்டி நிலைகொண்டுவிடும் என்பது எங்கள் கணிப்பு. வெள்ளை 15 தாண்ட வேண்டாம். கூட்டிய வாரத்தில் ஜோவா மூடினால் பழைய எண்ணுக்குத் திரும்பி, இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்.

எண்ணைவிடப் பவளத்தின் உடல்மொழி நம்பகமானது. ஜோவா காம்பை நீட்டி விளக்கை நோக்கி எக்கினால் ஒளி போதவில்லை. காம்பு குட்டையாகி, தட்டு சிறுத்துப் பாறையோடு ஒட்டினால் அதிகம். மஷ்ரூம் மெல்லிதாக அகலப் பரந்து தொங்கினால் குறைவு. விளிம்பு சுருண்டு கிண்ணம்போல் ஆனால் அதிகம். மேல் பாறையில் மஷ்ரூம் இருந்தால் அதை மட்டும் மணலுக்கு இறக்குங்கள். மற்றவற்றை இடம் மாற்றாதீர்கள். தினம் ஒரு இடம் என்று நகர்த்தினால் எதுவும் தேறாது. லெதர் சில நாள் முடங்கி, மேலே மெழுகு போன்ற படலம் கட்டினால் பயம் வேண்டாம், தோல் உரிக்கிறது. நீரோட்டம் தரும் வேவ்மேக்கரைச் சற்று அந்தப் பக்கம் திருப்பினால் படலம் கழன்றுபோகும்.

அடுத்தது அந்தப் பூஜ்ஜியங்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் 0 என்பது சுத்தத்தின் அடையாளம் என்று நினைப்பவர்கள் நிறைய. ஒளி மிகுந்த தொட்டியில் அது பட்டினி. பாஸ்பேட் பற்றாக்குறை பவளத்தை வெளுப்புக்கு ஆளாக்கும் என்பதை சவுதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். உங்கள் குறி நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1. பாஸ்பேட் உறிஞ்சும் குருணைப் பை இருந்தால் எடுத்துவிடுங்கள். கழிவை நுரையோடு வெளியேற்றும் ஸ்கிம்மரை இரவில் மட்டும் ஓட்டுங்கள். மீனுக்கு உணவை ஒரு வேளை கூட்டுங்கள், உறைந்த ஆர்ட்டீமியா என்ற சிற்றிறால் நல்லது. வாரம் இருமுறை அளந்து மெல்ல ஏற்றுங்கள். உரக்கடை பொட்டாசியம் நைட்ரேட்டைத் தொட்டியில் போடாதீர்கள்; அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. பூஜ்ஜியத்தில் நீண்ட நாள் நின்ற தொட்டியில் பழுப்பு நூல்களும் அவற்றில் காற்றுக் குமிழ்களும் தெரிந்தால் அது டைனோ என்ற தொல்லை தரும் நுண்பாசி. அப்போதும் மருந்து சத்தை ஏற்றுவதுதான்.

ஆர்.ஓ. பற்றிக் கட்டாயம் பாருங்கள். வீட்டு ஆர்.ஓ.க்கள் பலவற்றில் குடிப்பதற்குச் சுவை வர டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்ற திருகு இருக்கும். வடிகட்டிய தண்ணீரில் போர் தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலப்பதே அதன் வேலை. தொட்டிக்கு அந்தத் தண்ணீர் ஆகாது. 50 டி.டி.எஸ். (லிட்டருக்கு 50 மில்லிகிராம் கரைந்த உப்புகள்) உள்ள தண்ணீர் தினம் 3 லிட்டர் ஊற்றினால், நீர் மட்டுமே ஆவியாவதால், மாதத்துக்கு நாலரை கிராம் உப்புகள் தொட்டியிலேயே தங்கும். மெம்பிரேனிலிருந்து நேராக வரும் குழாயில் ஒரு T வடிவ இணைப்பை மாட்டித் தனியாக எடுங்கள், மினரல் கார்ட்ரிட்ஜுக்கு முன்னால். பின்னால், மிச்ச உப்புகளையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றை மாட்டினால் மீட்டர் 0 காட்டும்; 2 தாண்டியதும் ரெசினை மாற்றுங்கள். தொட்டி நீரின் ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026, காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச்., கால்சியம் 420 பக்கம். இவை நிலையாக நின்றால் போதும்.

வெப்பம் உங்கள் ஊரில் தள்ளிப்போடக்கூடிய விஷயம் அல்ல. மன்னார் வளைகுடாவில் 2010, 2016 கோடைகளில் பவளங்கள் பெருமளவு வெளுத்ததற்குக் காரணம் தண்ணீர்ச் சூடு. சூட்டில் பாசியின் ஒளி தாங்கும் திறன் குறைகிறது. குளிர்ந்த மாதங்களில் சரியாக இருந்த அதே நீலம் 50, தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டதும் அதிகமாகிவிடும். நல்ல வேளையாகப் பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்று உங்கள் பக்கம் இருக்கிறது. 12 வோல்ட் கணினி விசிறி இரண்டைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாக வீசவிட்டால், வறண்ட மாதங்களில் 2 முதல் 3 டிகிரி இறங்கும். கண்ணாடி மூடியை எடுத்து வலை போடுங்கள். ஆவியாதல் கூடும், தினம் இருவேளை ஆர்.ஓ. ஊற்றி மட்டத்தைக் காக்க வேண்டும். விளக்கு நேரத்தை மாலை 4 முதல் நள்ளிரவு 12 என்று மாற்றினால் பிற்பகல் சூடும் ஒளியும் ஒன்றாகச் சேராது. ஜூனில் தென்மேற்குக் காற்று ஈரத்தோடு வந்ததும் விசிறி அவ்வளவு உதவாது. அப்போது வெளிச் சூடும் தணிந்துவிடும். குறி 25 முதல் 27 டிகிரி. மின்சாரம் போனால் இன்வெர்ட்டரில் வேவ்மேக்கர் ஓடினால் போதும், விளக்கு அணைந்து கிடக்கட்டும்.

விளக்கின் லென்சில் உப்புப் படிந்தால் ஒளி குறையும். மாதம் ஒருமுறை அணைத்து, ஆறவிட்டு, ஆர்.ஓ. நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். துடைத்த அன்று ஒளி கூடும், அதனால் நீலத்தை 5 குறைத்துப் பிறகு ஏற்றுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஜோவாவில் பாலிடாக்சின் என்ற கொடிய நச்சு இருக்கலாம். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் வேண்டும். ஜோவா ஒட்டிய பாறையை ஒருபோதும் கொதிக்க வைக்கவோ, சுடுநீர் ஊற்றிச் சுரண்டவோ கூடாது. ஆவியிலேயே ஆளை மருத்துவமனைக்கு அனுப்பும். இன்னொன்று, கல் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. ராமேஸ்வரத்திலிருந்து வந்த பாறை, பவளம் என்று யாராவது மலிவாக நீட்டினால் வாங்காதீர்கள்.

ஜோவாவின் விளிம்பில் முதல் பழுப்பு திரும்ப மூன்று நான்கு வாரம் ஆகலாம். முழு நிறம் வர இரண்டு மாதத்துக்கு மேலும் பிடிக்கும். அதுவரை வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், வெள்ளை விளக்கில் மட்டும் படம் எடுத்து ஒப்பிடுங்கள். நீல ஒளியில் எடுத்த படம் எல்லாவற்றையும் அழகாகவே காட்டும்.