கப்பலேறிய முன்னோரைத் தேடுகிறவர்கள் கேட்டவை

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா முனுசாமி, கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்தவர். வேலூர்ப் பக்கம் என்பார்கள். கப்பல் பட்டியல்களில் முனுசாமிகள் ஏராளம். எங்கள் முனுசாமி யார்? (டர்பன் வாசகர்)

பதில்: பெயரை ஒதுக்கி வையுங்கள், எண்ணைத் தேடுங்கள். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் சுமார் 1,52,000 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அது அவருடைய திருமணப் பதிவிலோ, பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலோ, இறந்தபின் சொத்துக்காகத் திறந்த கோப்பிலோ இருக்கலாம். அந்தப் பழைய கோப்புகளை பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். எண் கிடைத்துவிட்டால் தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை பட்டியலே சொல்லிவிடும்.

ஊர்ப்பெயர் மட்டும் பாடாய்ப்படுத்தும். காதில் விழுந்ததை எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதிவைத்தது அது. உரக்கப் படித்துப் பாருங்கள், பாதி விளங்கிவிடும். ஜில்லா 'வட ஆற்காடு' என்றிருந்தால் வேலூரையே சுற்றிக்கொண்டிருக்காதீர்கள். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை அந்தப் பகுதியில் பெரும்பாகமும் வட ஆற்காட்டில்தான் இருந்தது. உங்கள் கிராமம் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம்.

கேள்வி: கொள்ளுப்பாட்டியைப் பற்றி எதுவுமே கிடைக்கவில்லையே?

பதில்: அவரை யாருடைய மனைவியாகவோ தேடுகிறீர்கள். நேட்டாலுக்கு வந்த பெண்ணுக்கும் தனி எண் உண்டு. தகப்பன் பெயரோடு பதிவானவர் அவர். தாத்தாவின் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளைப் பாருங்கள். சேர்ந்து வந்த குடும்பத்தினர் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் இருப்பார்கள். அங்கே இல்லையென்றால் வேறு கப்பலில் தனியாக வந்திருக்கலாம். தனியாக வந்த பெண்கள் பலர். குடும்பக் கதைகள் அதைச் சொல்லாமல் மறைத்துவிடுவதும் வழக்கம்தான்.

கேள்வி: மொரீஷியஸில் எங்கே தேடுவது?

பதில்: மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில். அங்கும் குடியேற்ற எண்தான் திறவுகோல். அதிர்ஷ்டம் இருந்தால் முன்னோரின் புகைப்படமே கிடைக்கும்.

கேள்வி: எங்கள் பூட்டனார் கங்காணியோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அவர் பெயர் எந்தக் கப்பல் பட்டியலிலும் இல்லை.

பதில்: இருக்காது. நேட்டாலுக்குப் போனவர்களைப் போல ஆளுக்கொரு ஒப்பந்தம் எழுதிக்கொண்டு போனவர் அல்லர் அவர். நீங்கள் பிற்காலத் தாள்களிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். 1949-ஆம் ஆண்டு சட்டத்தின்கீழ் இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள், மணமானவராயின் 7 ஆண்டும் மணமாகாதவராயின் 10 ஆண்டும் அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்காகத் தோட்டத்தில் பெற்ற சான்றுகள் வீட்டுப் பெட்டியில் இன்னும் கிடக்கலாம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய உறவினர் இருந்தால் அவர்களுடைய பழைய பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் பார்க்கக் கேளுங்கள்.

கேள்வி: கிராமத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். நேரில் போனால் அடையாளம் சொல்ல யார் இருப்பார்கள்?

பதில்: குலதெய்வம் எது என்று தெரிந்துகொண்டு போங்கள். ஊரில் தாத்தா பெயரை மறந்திருப்பார்கள். அந்தக் கோயிலுக்குத் திருவிழா வரி கொடுக்கும் பங்காளிகள் யார் என்பதை மறக்கமாட்டார்கள். பூசாரியிடம் முதலில் பேசுங்கள். பேச்சைத் தொடங்கும்போதே நிலத்தில் பங்கு கேட்டு வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாதவரை ஒருவரும் வாய் திறக்கமாட்டார்.