அதிபருக்கு மனு அனுப்பினால் துப்பாக்கிக் கட்டுப்பாடு வருமா?

டல்லாஸ் அருகே வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "துப்பாக்கியோடு யாராவது வந்தால் எப்படி ஒளிந்துகொள்வது என்று பள்ளியில் என் மகனுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் கட்டுப்பாட்டை ஆதரிக்கிறார்களாம். அப்புறமும் அதிபர் ஏன் ஓர் ஆணை போடக்கூடாது? அவருக்கு அனுப்பும் மனு வாட்ஸ்அப்பில் வந்தது. கையெழுத்துப் போடலாமா? எனக்கு கிரீன் கார்டுதான், ஓட்டு கிடையாது."

தாராளமாகப் போடுங்கள். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். இந்த விஷயத்தில் அதிபரால் ஆகக்கூடியது கொஞ்சம்தான்.

அமெரிக்காவில் சட்டம் போடுவது காங்கிரஸ், அதாவது நாடாளுமன்றம். அந்தச் சட்டத்தை எப்படி அமல்படுத்துவது என்று தன் துறைகளுக்குச் சொல்வதே அதிபரின் ஆணை. பம்ப் ஸ்டாக் விவகாரத்தைப் பாருங்கள். 2017-ல் லாஸ் வேகஸ் இசை நிகழ்ச்சியில் சுட்டவன் பயன்படுத்திய கருவி அது. துப்பாக்கியின் பின்பகுதியில் இதைப் பொருத்தினால், சுடும்போது ஏற்படும் உதைப்பில் துப்பாக்கி முன்னும் பின்னும் போய்வரும். அசைக்காமல் வைத்திருக்கும் விரலில் விசை திரும்பத் திரும்ப வந்து இடிக்கும். இயந்திரத் துப்பாக்கி மாதிரியே குண்டுகள் பொழியும். டிரம்ப் நிர்வாகமே 2018-ல் இதற்குத் தடை விதித்தது. 2024-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என அந்தத் தடையை ரத்து செய்தது. விசையை ஒருமுறை இயக்கினால் பல குண்டுகள் பாய்வதுதான் சட்டப்படி இயந்திரத் துப்பாக்கி. இதிலோ ஒவ்வொரு குண்டுக்கும் விசை தனியாக இயங்குகிறது என்றது தீர்ப்பு. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டும் சீரியல் எண் இல்லாத துப்பாக்கிகள் மீதான பைடன் கால விதி, 1968 சட்டத்தின் சொற்களுக்குள் அடங்கியதால் 2025-ல் தப்பியது. அப்படித் தப்பினாலும், அடுத்து வரும் அதிபர் அதை மாற்றலாம்.

சரி, அந்த ஒன்பது பேர் எங்கே போனார்கள்? கருத்துக்கணிப்புகளில் அவர்கள் ஆதரிப்பது எல்லாக் கட்டுப்பாட்டையும் அல்ல; துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் சோதனையை. சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் கொல்லப்பட்ட பிறகு, 2013 ஏப்ரலில் பின்னணிச் சோதனையை விரிவாக்கும் மசோதா செனட்டுக்கு வந்தது. 100 இடங்களில் ஆதரவு 54. பெரும்பான்மைதான், ஆனால் செனட் நடைமுறைப்படி தேவைப்பட்டது 60. அதோடு, செனட் இடங்கள் மக்கள்தொகையைப் பொறுத்தவை அல்ல. ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும், நான்கு கோடியை நெருங்கும் கலிபோர்னியாவுக்கும் செனட்டில் தலா இரண்டு இடங்கள்தான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: 2016-ல் இதே கேள்வியை மெய்ன் மாநிலம் நேரடியாக மக்களிடமே வைத்தபோது, அவர்களே தோற்கடித்தார்கள். நெவாடாவில் மயிரிழையில்தான் ஜெயித்தது. கருத்துக்கணிப்பில் 'ஆமாம்' என்பவர்கள் பலர். எதிர்ப்பவர்களில் பலரோ இந்த ஒரு விஷயத்துக்காகவே ஓட்டுப் போடுகிறார்கள், விடாமல் போன் செய்கிறார்கள். மக்கள் பிரதிநிதி கணக்குப் பார்ப்பது அதைத்தான்.

அதனால் உங்கள் நேரத்தை மாநிலத்தில் செலவிடுங்கள். 2018-ல் பார்க்லாந்து பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்த சுமார் மூன்றே வாரத்தில், குடியரசுக் கட்சி ஆளுநரே கையெழுத்திட்டு, துப்பாக்கி வாங்கும் வயதை புளோரிடா 21 ஆக்கியது. உங்கள் டெக்சஸிலும் நெருங்கி வந்தது. 2023 மே 6-ல் டல்லாஸ் அருகே ஆலன் மாலில் 8 பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டாவது நாள், 2022-ல் யூவால்டி பள்ளித் துப்பாக்கிச்சூட்டில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் திரண்டிருக்க, சிலவகை அரைத் தானியங்கித் துப்பாக்கிகளை வாங்கும் வயதை 21 ஆக்கும் மசோதா டெக்சஸ் கீழ்ச்சபையின் குழுவில் 8-5 என நிறைவேறியது. குடியரசுக் கட்சியினரிலும் இருவர் ஆதரித்தார்கள். பிறகு கெடு தாண்டிப்போனதால் சபையின் வாக்கெடுப்புக்கே வரவில்லை. அது என்னை இன்றும் உறுத்துகிறது.

டெக்சஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில், ஜனவரி தொடங்கி 140 நாள்தான் கூடும். மசோதாக்கள் முந்தைய நவம்பரிலேயே தாக்கலாகத் தொடங்கும். போன் செய்ய அதுதான் நல்ல சமயம். உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தை அழைத்து, தொகுதியில் குடியிருப்பவர் என்று சொல்லி, மசோதா எண்ணைக் குறிப்பிட்டுப் பேசுங்கள். முறையிடும் உரிமைக்குக் குடியுரிமை தேவையில்லை. கிரீன் கார்டு உள்ளவர் தேர்தல் நன்கொடையும் தரலாம்; எச்-1பி விசாவில் இருப்பவர் தரக்கூடாது. யாராவது வாக்காளர் படிவத்தை நீட்டினால் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், குடியுரிமைக்கே ஆபத்து.

வீட்டில் யாராவது குடிமகனாக இருந்தால், இரட்டைப்படை ஆண்டு மார்ச்சில் நடக்கும், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலைத் தவறவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். பல தொகுதிகளில் முடிவு அங்கேயே ஆகிவிடுகிறது. டெக்சஸில் கட்சிப் பதிவு கிடையாது, எந்தக் கட்சியின் பிரைமரியிலும் ஓட்டுப் போடலாம். ஆனால் 30 நாள் முன்பே வாக்காளராகப் பதிந்திருக்க வேண்டும்.