பெயர் தெரியாத பூட்டியை வம்சாவளியில் எப்படி எழுதுவது?

கேள்வி: எங்கள் குடும்பத்தின் வம்சாவளியை எழுதி வருகிறேன். அப்பாவின் தாத்தா வரை ஆண்களின் பெயர்கள் கிடைத்துவிட்டன. ஆனால், தாத்தாவைப் பெற்ற அம்மாவின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. ‘கடையத்து ஆச்சி’ என்று மட்டுமே சொல்கிறார்கள். கணினியில் அவருடைய கட்டத்தில் என் தம்பி ‘தெரியாது’ என்று எழுதியிருக்கிறான். சித்தப்பாவோ, காலியாக விடக் கூடாது, ஏதாவது ஓர் அம்மன் பெயரைப் போட்டுவிடு என்கிறார். எது சரி?
– வாசகி, தென்காசி

பதில்: இரண்டும் வேண்டாம். பெயருக்குரிய இடத்தை மட்டும் வெறுமையாக விடுங்கள். அவருக்குரிய கட்டம் அப்படியே இருக்கட்டும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதினால் கணினி அதையும் ஒரு பெயராகவே எடுத்துக்கொள்ளும். இன்னும் இரண்டு தலைமுறை மேலே போவதற்குள் ‘தெரியாது’ என்ற பெயரில் பல பெண்கள் சேர்ந்துவிடுவார்கள். பிறகு யார் யாரென்று பிரித்தறிவது கடினமாகிவிடும். சித்தப்பா மரியாதை கருதித்தான் சொல்கிறார் என்றாலும், அவர் சொல்லும் வழி இதைவிடக் கெடுதலானது. இன்று நீங்கள் இட்டு நிரப்பும் பெயரை, நாளை உங்கள் பேத்தி உண்மையென்று நம்பித் தன் மகளுக்குச் சூட்டுவாள். உண்மைப் பெயரைத் தேடுவதும் அத்தோடு நின்றுபோகும்.

‘கடையத்து ஆச்சி’ என்பதை அற்பமாக எண்ணிவிடாதீர்கள். அந்த அம்மாள் கடையத்திலிருந்து வாழ வந்தவர் என்பதை அந்த அழைப்பே சொல்கிறது. எனவே இப்படி எழுதலாம்: ‘பெயர்: (வெற்றிடம்). அழைத்த விதம்: கடையத்து ஆச்சி. பிறந்த ஊர்: கடையமாக இருக்கலாம்; அழைப்பைக் கொண்டு ஊகித்தது. சொன்னவர்: பெரிய அத்தை.’ அத்தை சொன்ன தேதியையும் உடன் குறித்துவையுங்கள். எது கேட்டறிந்தது, எது ஊகம் என்பது பின்னால் படிப்பவருக்குத் தனித்தனியே தெரிய வேண்டும்.

பெயர் இல்லாதவரை எப்படிச் சுட்டுவது என்ற கவலையும் வேண்டாம். ஐரோப்பாவில் 1590-லேயே அச்சில் வந்த ஓர் எண்முறை இதற்குக் கைகொடுக்கும். நீங்கள் 1 என்றால் அப்பா 2, அம்மா 3. ஒருவரின் எண்ணை இரட்டித்தால் அவருடைய தந்தையின் எண். அதனுடன் ஒன்றைக் கூட்டினால் தாயின் எண். அப்பாவின் அப்பா 4, அவருடைய தாயான கடையத்து ஆச்சி 9. அவரைப் பெற்றவர்கள் 18, 19. பெயர் கிடைக்கும் நாள் வரை 9 என்ற இடம் அவருக்கு மட்டுமே உரியது. பூட்டனாருக்கு இரண்டு தாரம் என்றால் இருவருக்கும் கட்டம் போடுங்கள். ஆனால் தாத்தாவைப் பெற்றவருக்கே 9 வர வேண்டும்.

நம் வீடுகளில் பெண்களின் பெயர் மறைந்துபோனதற்கு மறதி மட்டும் காரணம் இல்லை. மாமியாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கம் பல குடும்பங்களில் இருந்தது. பேத்திக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். பெற்ற தாயோ அதைச் சொல்லிக் கூப்பிட முடியாமல் வேறொரு செல்லப் பெயரால் அழைத்தாள். இதில் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. தாத்தாவுக்கும் அவருடைய சகோதரர்களுக்கும் பிறந்த மூத்த பெண்களின் பள்ளிச் சான்றிதழில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வெவ்வேறு வீடுகளில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அது ஆச்சியின் பெயராக இருக்க வாய்ப்பு மிகுதி. அப்போதும் அதைக் குறிப்பில் ஊகம் என்றே எழுதுங்கள்.

அடுத்து, பரணில் கிடக்கும் பாத்திரங்களை இறக்கிப் பாருங்கள். எங்கள் வீட்டில் கரி ஏறிக் கிடந்த ஒரு பித்தளைத் தவலையைப் புளி போட்டுத் தேய்த்தபோது, அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள் தெரிந்தன. என் பாட்டியின் தாயாருடைய பெயர் எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது. ஆனால், சீர் கொடுத்தவரின் பெயரையும் பாத்திரத்தில் வெட்டுவதுண்டு என்பதால், பாத்திரம் யாருக்காக வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

பழைய பத்திரங்களில் ஆண்களின் பெயரே மிகுதி என்றாலும், கணவர் இளவயதில் இறந்த வீடுகளில் ‘மைனர் குமாரனுக்குத் தாயாரும் கார்டியனுமான’ என்ற தொடரை அடுத்து விதவைத் தாயின் முழுப் பெயர் வரும். உங்கள் பூட்டனார் பிள்ளைகள் சிறுவர்களாக இருக்கும்போதே காலமானவர் என்றால், தேட வேண்டிய முதல் இடம் இதுதான். சார்பதிவாளர் அலுவலகத்தில் சொத்து அட்டவணையுடன், எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களுக்கும் தனி அட்டவணை உண்டு என்பதால், நிலத்தின் சர்வே எண் தெரியாவிட்டாலும் பூட்டனாரின் பெயரைக் கொண்டு கேட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: என் அம்மாவுக்கு முன் பிறந்து, பெயர் வைக்கும் முன்பே இறந்துபோன குழந்தையையும் வம்சாவளியில் சேர்க்க வேண்டுமா? அம்மாச்சி இன்றும் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசுவார்.
– வாசகர், மதுரை

பதில்: கட்டாயம் சேருங்கள். பெயர் இடத்தை வெறுமையாக விட்டு, ஆணா பெண்ணா, எத்தனையாவது பிள்ளை, எத்தனை நாள் இருந்தது, எந்த வீட்டில் பிறந்தது என்று அம்மாச்சி சொல்வதை அவர் வார்த்தைகளிலேயே எழுதுங்கள். பிறப்புப் பதிவேட்டில் தேடுவதானால் குழந்தையின் பெயரைக் கொண்டு தேட முடியாது. அம்மாச்சிக்கு நினைவிருக்கும் தமிழ் மாதத்தையும் ஆண்டையும் ஆங்கிலத் தேதிக்கு மாற்றி, தகப்பனார் பெயரைக் கொண்டு தேட வேண்டும். பெயர் சூட்டும் முன்பே பிறப்பைப் பதிவது வழக்கம் என்பதால், பெயர் இல்லாமல் ‘ஆண்’, ‘பெண்’ என்று மட்டும் எழுதிய வரிகள் பழைய பதிவேடுகளில் நிறையவே உண்டு. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமும் குழந்தையின் பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்து, பெயரைப் பின்னர்ச் சேர்க்க இடம் தருகிறது. பதிவேட்டில் வரி கிடைத்தால் அதன் நகலையும் வாங்கி, அம்மாச்சியிடம் படித்துக் காட்டுங்கள்.